அறைக்குள் வந்த ஓசோன் எங்கே போகிறது?

கோடை மதியம் ஒன்றில் வெளிக்காற்றில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஓசோன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் சன்னலைச் சாத்தி ஏசி போட்ட படுக்கையறைக்குள் அளந்தால் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோகிராம் வரைதான் காட்டும். பார்த்தவுடன் நிம்மதியாக இருக்கும். ஆனால் கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்த ஓசோனில் பெரும்பகுதி திரும்ப வெளியே போய்விடவில்லை. சுவர், திரைச்சீலை, மெத்தை, நம் தோல் என்று பட்ட இடத்திலெல்லாம் வினைபுரிந்து வேறு பொருளாக மாறிவிட்டது. அப்படி மாறியவற்றில் ஒரு பகுதி அதே அறைக் காற்றில் கலந்து நம் மூச்சுக்குள் போகிறது. அறையில் ஓசோன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் பாதி விஷயம்தான் தெரியும். எவ்வளவு காணாமல் போனது, எதுவாக மாறியது என்று கேட்டால்தான் மீதி தெரியும்.

முதலில் அடிப்படை. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள். ஓசோனில் மூன்று. இந்த மூன்று அணுக் கட்டு உறுதியில்லாதது. எதிர்ப்படும் பொருளோடு வினைபுரிந்துவிடத் துடிப்பது. தரையிலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் ஓசோன் படலம் சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. அது நமக்குக் காவல். அதே வாயு மூக்கருகே வந்தால் கேடு. வாகனப் புகையிலும் ஆலைப் புகையிலும் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல் ஆவி போன்ற கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரியும்போது தரைமட்ட ஓசோன் உருவாகிறது. வெயில் வேண்டும் என்பதால் காலையில் ஏறத் தொடங்கி, நண்பகல் முதல் மாலை நான்கு, ஐந்து மணி வரை உச்சத்தில் நின்று, இருட்டியதும் இறங்கும். இரவில் வாகனங்கள் விடும் நைட்ரிக் ஆக்சைடு மீதி ஓசோனையும் தின்றுவிடும். மேகமூட்டமும் மழையும் உள்ள நாளில் அளவு குறைவாகவே இருக்கும்.

இந்தியாவில் 2009-ல் வகுத்த காற்றுத் தரநிலைப்படி எட்டு மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு 180. உலக சுகாதார நிறுவனமும் எட்டு மணி நேரத்துக்கு 100 என்றே சொல்கிறது. கருவிகளின் பெட்டியில் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்ற அலகில் போட்டிருப்பார்கள், 0.05 பிபிஎம் என்பது ஏறக்குறைய இந்த 100 மைக்ரோகிராம்.

நுரையீரலில் அது செய்வதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கந்தக டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் நீரில் எளிதில் கரைவதால் மூக்கும் தொண்டையும் அவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். ஓசோன் நீரில் அவ்வளவாகக் கரையாது. ஆகவே மேல் வழியைக் கடந்து சிறு மூச்சுக்குழாய்கள் வரை இறங்கிவிடும். அங்கே உட்சுவரை மூடியிருக்கும் மெல்லிய திரவப் படலத்தில் வைட்டமின் சி, யூரிக் அமிலம் போன்றவை அதைத் தடுத்து நிற்கும். அவை ஈடுகொடுக்க முடியாதபோது செல்கள் புண்பட்டு அழற்சி உண்டாகும். வறட்டு இருமல், ஆழ மூச்சிழுத்தால் நெஞ்சில் வலி, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பு என்று வெளித்தெரியும். உடற்பயிற்சி செய்பவர் அதிகக் காற்றை இழுப்பதால் அதிக ஓசோனையும் இழுக்கிறார்.

ஒரு சின்னக் கணக்கு

உள்ளே எவ்வளவு ஓசோன் இருக்கும் என்பதை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, மணிக்கு எத்தனை முறை அறைக் காற்று முழுவதும் மாறுகிறது என்பது. மூடிய ஏசி அறையில் இதை 0.5 என்று கொள்ளலாம். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றை எடுப்பதில்லை. சன்னலைக் கொஞ்சம் திறந்தால் 3, குறுக்குக் காற்று நன்றாக வீசினால் 9 அல்லது அதற்கும் மேல். இரண்டாவது எண், சுவரும் பொருள்களும் ஓசோனை உறிஞ்சும் வேகம்; இதையும் காற்று மாற்றத்தைப் போலவே மணிக்கு இத்தனை முறை என்று சொல்வது. தெற்கு கலிஃபோர்னியாவில் 43 வீடுகளில் அளந்தபோது இது மணிக்குச் சராசரியாக 2.8 என்று வந்தது. கணக்குக்கு 3 என்று வைத்துக்கொள்வோம். துணியும் மெத்தையும் நிறைந்த அறையில் கூடும். வழவழப்பான டைல்ஸ் தரையுள்ள வெற்று அறையில் குறையும். ஃபேன் ஓடினால் காற்று மேற்பரப்புகளில் அதிகம் உரசுவதால் சற்றுக் கூடும்.

காற்று மாறும் எண்ணை, இரண்டு எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால், வெளி ஓசோனில் எத்தனை பங்கு உள்ளே இருக்கும் என்று கிடைக்கும். மூடிய அறைக்கு 0.5-ஐ 3.5-ஆல் வகுக்க ஏழில் ஒரு பங்கு. சன்னல் கொஞ்சம் திறந்தால் பாதி. குறுக்குக் காற்றில் முக்கால். வெளியே 100 மைக்ரோகிராம் என்றால் உள்ளே முறையே 14, 50, 75.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். 100 மைக்ரோகிராம் என்பது நூறு கோடிக் காற்று மூலக்கூறுகளில் ஏறக்குறைய 50 ஓசோன் மூலக்கூறுகள். மூடிய அறையில் அந்த 50-ல் 7 மிஞ்சுகிறது, 43 வினைபுரிந்துவிட்டது. சன்னல் கொஞ்சம் திறந்த அறையில் 25 மிஞ்சி, 25 வினைபுரிகிறது. வினைபுரிந்த ஒவ்வொரு பத்திலும் மூன்று, காற்றில் கலக்கும் புதுப்பொருளைத் தருவதாக ஒரு பேச்சுக்கு வைத்தால், மூடிய அறையில் அப்படி 13 மூலக்கூறுகள்; மிஞ்சிய ஓசோனைப் போல் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. திறந்த அறையில் 7 அல்லது 8. ஆக, ஓசோன் குறைவாக உள்ள அறையில் அதன் விளைபொருள்கள் அதிகம்.

அப்படியானால் மதியத்தில் சன்னலைத் திறந்து வைக்கலாமா என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். ஓசோனே நுரையீரலைத் தாக்குகிறது என்பதற்குச் சான்றுகள் உறுதியாக உள்ளன. விளைபொருள்களில் சில கடுமையானவை, சில மென்மையானவை. அவற்றின் நிலை அவ்வளவு தெளிவாக இல்லை. எனவே உச்ச நேரத்தில் சாத்துவதே சரி. அதோடு நின்றுவிடாமல், ஓசோன் இறங்கிய பிறகு திறந்துவிட்டு, சேர்ந்திருக்கும் விளைபொருள்களை வெளியே தள்ள வேண்டும். பலர் செய்யாமல் விடுவது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

பெரும்பாலான நேரத்தை மக்கள் கட்டடத்துக்குள் கழிப்பதால், உள்ளே அளவு குறைவாக இருந்தாலும் மொத்தம் சிறிதல்ல. ஒருவர் ஒரு நாளில் சுவாசிக்கும் மொத்த ஓசோனில் 25 முதல் 60 விழுக்காடு கட்டடத்துக்குள்ளேயே சுவாசிக்கப்படுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் வெஷ்லர் மதிப்பிட்டிருக்கிறார். வீட்டுக்குள் ஓசோன் வேதியியல் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் தேடித் தந்தது.

எதனோடு வினைபுரிகிறது?

ஓசோன் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. இரண்டு கரி அணுக்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இருந்தால் அந்த இடத்தில்தான் பாய்ந்து வெட்டும். வெட்டுப்பட்ட இரு துண்டுகளில் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு ஆல்டிஹைடு, கீட்டோன், கரிம அமிலம் என்று உருவாகும். இழுத்துக் கட்டிய ரப்பர் வளையம் நாளடைவில் குறுக்கே வெடிப்பு விடுவது இதனால்தான். இயற்கை ரப்பரின் சங்கிலி முழுக்க இரட்டைப் பிணைப்புகள்.

நம் தோலிலும் அப்படி ஒரு பொருள் இருக்கிறது. தோல் சுரக்கும் எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஸ்குவாலீன். அதன் ஒரு மூலக்கூறில் ஆறு இரட்டைப் பிணைப்புகள். ஓசோன் பட்டதும் அது உடைந்து அசிட்டோன், ஜெரானைல் அசிட்டோன், 6-எம்ஹெச்ஓ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு கீட்டோன், இன்னும் சில எரிச்சலூட்டும் பொருள்களாகப் பிரியும். தோலில் உள்ள மற்றக் கொழுப்புகளிலிருந்து நோனனால், டெக்கனால் என்ற ஆல்டிஹைடுகள் வரும். ஆட்கள் நிறைந்த வகுப்பறையிலும் விமானத்திலும் காற்றை ஆராய்ந்தால் இவை தெரியும். மனிதர் இருக்கும் அறையில் ஓசோன் குறையும். அவரைச் சுற்றியுள்ள காற்றில் இந்தப் பொருள்கள் கூடும். ஆடையை உடுத்தியவுடன் தோல் எண்ணெய் அதில் ஏறத் தொடங்கும். தினம் தலைவைக்கும் தலையணை உறையிலும் அதுதான் நடக்கிறது, அதுவும் மூக்குக்குப் பக்கத்தில். வாரம் ஒருமுறையாவது உறையைத் துவைப்பதற்கு வேதியியல் சொல்லும் காரணம் இது.

சமையலறைச் சுவரிலும் மேடையிலும் படியும் எண்ணெய்ப் படலமும் ஓசோனுக்கு இரை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றின் கொழுப்பில் பெரும்பகுதி இரட்டைப் பிணைப்பு உள்ளது. தேங்காய் எண்ணெயில் அது மிகக் குறைவு. பழைய கம்பளமோ பெயின்ட்டோ நாளாக நாளாக வினைபுரிந்து சலித்துப்போய்விடும். சமையலறைப் படலமோ தினமும் தாளிப்பில் புதிதாக வந்து சேர்கிறது. ஆகவே அங்கே வினை ஓய்வதே இல்லை. கேஸ் அடுப்பு எரியும்போது சுடரில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை விரைவில் அழித்துவிடும் என்பதும் உண்மை. அது நல்ல செய்தி அல்ல, ஏனென்றால் அழிந்த ஓசோனுக்குப் பதில் நைட்ரஜன் டை ஆக்சைடு வந்து நிற்கும், அதுவும் மூச்சுக்குழாயை எரிப்பதே. சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும்.

தரை துடைக்கும் திரவம்

மிகுதியாகப் பேச வேண்டியது இதைப் பற்றித்தான், ஏனென்றால் நம் கையில் இருக்கும் விஷயம். எலுமிச்சை வாசனை தரும் லிமோனீன், பைன் எண்ணெயிலுள்ள பைனீன், லாவெண்டரிலும் துளசியிலும் உள்ள லினலூல், கொசு விரட்டப் பூசும் சிட்ரொனெல்லா எண்ணெயின் பொருள்கள், எல்லாவற்றிலும் இரட்டைப் பிணைப்பு உண்டு. தரைக்கு ஊற்றும் பினாயிலிலும் வாசனை கிளீனர்களிலும் ஏர் ஃப்ரெஷ்னரிலும் இவைதான் மணக்கின்றன. இவை காற்றிலேயே ஓசோனைச் சந்தித்து உடையும்போது ஃபார்மால்டிஹைடு உண்டாகிறது. இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இன்னும் சில விளைபொருள்கள் எளிதில் ஆவியாகாதவை. அவை ஒன்றோடொன்று திரண்டு கண்ணுக்குத் தெரியாத மீநுண் துகள்களாகும். வாசனை அடித்த அறையில், புகை எதுவும் இல்லாமலேயே துகள் எண்ணிக்கை ஏறும்.

இங்கே நேரம் முக்கியம். ஒரு வினை நடப்பதற்குள் அறைக் காற்று மாறிவிட்டால் அந்த வினைக்கு வாய்ப்பில்லை. லிமோனீன் ஓசோனோடு வினைபுரிய மணிக்கணக்கில் ஆகும். சன்னல் எல்லாம் திறந்திருந்தால் அதற்குள் வாசனையே வெளியேறிவிடும். மதியம் தரையைத் துடைத்துவிட்டு, உடனே கதவைச் சாத்தி ஏசியைப் போடுவதுதான் மோசமான சேர்க்கை: அப்போதுதான் உள்ளே வந்த ஓசோன், புதிதாக ஊற்றிய வாசனை, வினைபுரியப் போதிய அவகாசம் மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன.

ஆகவே துடைப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். புட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். வாசனை தூக்கலாக இருந்தால் தரை அதிகச் சுத்தம் என்று பொருளில்லை. வாசனையில்லாத சோப்புத் திரவம் அன்றாடத் துடைப்புக்குப் போதும். துடைத்தபின் அரைமணி நேரமாவது சன்னல் திறந்திருக்கட்டும், மாப் துணியை வெளியே உலர்த்துங்கள். எல்லா மணப்பொருளும் இந்தக் கூட்டத்தில் சேராது: பூசைக் கற்பூரத்தின் மூலக்கூறில் அப்படிப்பட்ட இரட்டைப் பிணைப்பு இல்லை, ஆகவே அதன் ஆவி ஓசோனோடு எளிதில் வினைபுரியாது. கொளுத்தினால் வரும் கரி வேறு பிரச்சினை.

வீட்டுக்குள்ளேயே உற்பத்தியாகும் ஓசோன்

வெளியிலிருந்து வருவதைக் குறைக்கத்தான் முடியும். உள்ளே நாமே உண்டாக்குவதை நிறுத்திவிடலாம். காற்றில் மின்பொறி தெறித்தாலோ, அலைநீளம் 240 நானோமீட்டருக்குக் குறைவான புற ஊதா ஒளி பட்டாலோ ஆக்சிஜன் பிளந்து ஓசோன் உருவாகும். கிருமிநாசினி விளக்குகளில் 254 நானோமீட்டர் ஒளி மட்டும் வருபவை ஓசோனை உண்டாக்காது. 185 நானோமீட்டரும் வெளியேறும் கண்ணாடியுள்ள விளக்கு உண்டாக்கும். வாங்கும்போது ஓசோன் இல்லா வகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய ஜெராக்ஸ் இயந்திரங்களிலும் லேசர் பிரின்டர்களிலும் மின்னேற்றும் மெல்லிய கம்பி ஓசோனை விடும். புதியவற்றில் கம்பிக்குப் பதில் உருளை இருப்பதால் மிகக் குறைவு. கம்பி வகையில் ஓசோனைப் பிடிக்க ஒரு கரி ஃபில்டர் இருக்கும். ஆண்டுக்கணக்கில் அதை மாற்றாமல் ஓட்டுவதும், எட்டுக்குப் பத்து அடிக் கடையில் ஏசிக்காக அடைத்து வைப்பதும் அங்கே வேலை செய்பவரின் தொண்டையைப் பதம் பார்க்கும்.

ஏர் பியூரிஃபையரில் அயனி, பிளாஸ்மா, ஆக்டிவ் ஆக்சிஜன் என்ற சொற்களைப் பார்த்தால் நின்று விசாரியுங்கள். கலிஃபோர்னியா மாநிலம் அங்கே விற்கும் வீட்டுக் காற்றுச் சுத்திகரிப்பான்கள் 0.05 பிபிஎம்முக்கு மேல் ஓசோனை விடக் கூடாது என்று விதித்திருக்கிறது. யுஎல் என்ற அமெரிக்கச் சான்று நிறுவனத்தின் யுஎல் 2998 என்ற சான்று இன்னும் கடுமையானது, 0.005 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது. உங்கள் கருவியில் அயனிப் பொத்தான் தனியாக இருந்தால் அதை அணைத்துவிடலாம், துகள் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரின் வேலை அதனால் நிற்காது.

நேரடியாக ஓசோனையே உற்பத்தி செய்யும் கருவிகள் இன்னொரு வகை. அறை நாற்றம் போக்க, கார் ஏசி வாடை போக்க, காய்கறி கழுவ என்று விற்கிறார்கள். 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். மூடிய அறையில் மணிக்கு 100 மில்லிகிராம் விடும் கருவியை ஓடவிட்டால், மேலே சொன்ன எண்களின்படி (100-ஐ 36 × 3.5-ஆல் வகுக்க) கன மீட்டருக்கு ஏறக்குறைய 800 மைக்ரோகிராம் நிற்கும். வரம்பைப் போல் எட்டு மடங்கு. மணிக்கு 2 மில்லிகிராம் மட்டும் விடும் சிறிய அயனிக் கருவியானால் 16 மைக்ரோகிராம். தனியே பார்த்தால் சிறிது, வெளியிலிருந்து வந்த 14-உடன் சேர்ந்தால் இரட்டிப்பு.

இவ்வளவு ஓசோன் போட்டால் நாற்றமும் கிருமியும் ஒழியுமே என்றால், மக்கள் தாங்கக்கூடிய அளவு ஓசோனால் காற்றிலுள்ள மாசை நீக்க முடிவதில்லை என்பதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முடிவு. கார்பன் மோனாக்சைடு, ஃபார்மால்டிஹைடு போன்றவற்றை அது தொடுவதே இல்லை என்று சொல்லலாம். சிகரெட் வாடைக்கு ஓசோன் அடித்தால், சுவரில் படிந்த நிக்கோடினோடு வினைபுரிந்து மீநுண் துகள்களைக் கிளப்பும். போதாக்குறைக்கு, ஓசோன் நம் மோப்ப உணர்வை மங்கச் செய்யும். வாடை போய்விட்டது என்று தோன்றுவதில் ஒரு பங்கு அதனால்தான்.

கருவியை நிறுத்திய பிறகு நடப்பதையும் கவனிக்க வேண்டும். ஓசோன் சுமார் 12 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்; 800 மைக்ரோகிராம் ஒரு மணி நேரத்தில் 25 அளவுக்கு வந்துவிடும். விளைந்த ஆல்டிஹைடுகளைச் சுவர் அவ்வாறு விரைவில் உறிஞ்சாது. அவை காற்று மாறும் வேகத்தில்தான் வெளியேறும். மூடிய அறையில் பாதியாகக் குறையவே 80 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஓசோன் வாடை அடங்கியதும் உள்ளே போய்ப் படுத்தவர் சுவாசிப்பது இந்த மிச்சத்தை.

செய்ய வேண்டியவை

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் உங்கள் ஊர் நிலையத்தைத் திறந்தால் ஓசோன் தனியாகத் தெரியும். மேலே பெரிதாகக் காட்டும் ஒற்றை எண், அன்று மிக மோசமாக உள்ள ஒரு மாசைக் குறிப்பது. அதை மட்டும் பார்த்தால் ஓசோன் கண்ணில் படாமல் போகலாம். ஓசோன் உச்சத்தில் உள்ள நாள்களில் நண்பகல் முதல் மாலை ஐந்து மணி வரை சன்னல்களைச் சாத்தி, மாலைக்குப் பிறகும் அதிகாலையிலும் ஒரு மணி நேரமாவது எதிரெதிர் சன்னல்களைத் திறந்துவையுங்கள். வீடு பெருஞ்சாலையை ஒட்டி இருந்தால் வாகன நெரிசல் நேரத்தைத் தவிர்க்க வேண்டும், அப்போது புகைத் துகள் அதிகம்.

ஹெப்பா ஃபில்டர் துகளைப் பிடிக்கும், ஓசோனைப் பிடிக்காது. என்95 முகக்கவசமும் அப்படியே. ஓசோனுக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும்; அதன் மேல் பட்ட ஓசோன் அங்கேயே வினைபுரிந்து அழியும், காற்றில் கலக்கும் விளைபொருளும் மிகக் குறைவு. களிமண் பூச்சும் அப்படிப்பட்ட மேற்பரப்பு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூசி ஏறிய பழைய ஃபில்டர் மட்டும் ஆபத்து: அதில் படிந்த அழுக்கோடு ஓசோன் வினைபுரிந்து, சுத்தம் செய்யும் கருவியே ஆல்டிஹைடை ஊதும். குறித்த காலத்தில் மாற்றிவிடுங்கள்.

வீட்டில் அளக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சந்தையில் கிடைக்கும் பல காற்று மானிகள் ஓசோனை அளப்பதே இல்லை. அளக்கும் மலிவு சென்சார்களில் மின்வேதி வகை, நைட்ரஜன் டை ஆக்சைடையும் ஓசோன் என்று கணக்கில் சேர்த்துவிடும். உலோக ஆக்சைடு வகை, ஈரப்பதம் மாறினால் தடுமாறும். கண்காணிப்பு நிலையங்களில் நம்பி வைத்திருப்பது, 254 நானோமீட்டர் ஒளியை ஓசோன் எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கும் கருவி. மூக்கு நல்ல மானிதான், முதல் சில நிமிடங்களுக்கு மட்டும், பிறகு பழகிவிடும். வெளியிலிருந்து அறைக்குள் நுழையும் கணத்தில் இடி மின்னலுக்குப் பிறகு வருவதைப் போன்ற கூரிய வாசம் வந்தால், அது எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்று அப்போதே தேடுங்கள். கண்டதும் மின்சாரத்தை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து, மூன்று நான்கு மணி நேரம் கழித்து உள்ளே போகலாம். நெஞ்சு இறுக்கமோ மூச்சிரைப்போ அடங்காவிட்டால் மருத்துவரிடம் போகும்போது, எந்தக் கருவி எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் சொல்லுங்கள்.